பத்து மடங்கு வேகம்

தலைமைப் பொறியாளர் கைவைத்ததில் டேட்டாபேஸ் பத்து மடங்கு வேகமாகியிருந்தது. மாலையில் அவருக்குப் பாராட்டு விழா.

"கோடிங்கைத் தொடாதேம்மா, அது என் மூளை. நடுவுல இருக்கிற கமெண்ட்டை மட்டும் சரிபாரு. அதைக் கம்ப்யூட்டர் படிக்காது, மனுஷங்கதான் படிப்பாங்க" என்றார் புதிதாகச் சேர்ந்தவளிடம்.

அரைமணியில் வந்து நின்றாள்.

"எல்லாம் அருமை சார். ஒரு கமெண்ட்தான் அதிகம்."

"எது?"

"தற்காலிகமா பஃபர்ல இருக்கிறதை நிரந்தரமா டிஸ்க்குல எழுதுன்னு ஒரு கட்டளை. அதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்லாஷ் போட்டுட்டீங்க. அதுவும் கமெண்ட்டாயிடுச்சு."

"அதனால?"

"எதுவுமே சேமிக்கலை சார். அதான் இவ்வளவு வேகம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"ஸ்லாஷை எடுத்துட்டா?"

"பழைய வேகம்தான் சார்."

"அப்போ விழா முடியட்டும்மா, எடுத்துடலாம்."