கறை படாத நகங்கள்

"மாலைய நீயே போடு நைனா. நம்ம ஊட்டு சோறு துன்னவராச்சே" என்று ரோஜா மாலையைத் தகப்பன் கையில் திணித்தாள் ரூத்து.

சாமுவேல் மேஸ்திரி அதைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

ஆம்பூர் ரயிலடியில் எள் போட்டால் எள் விழாது. சென்னையில் காங்கிரஸ் மந்திரிகள் வந்து உட்கார்ந்ததும், வேலூர் ஜெயிலில் இருந்த ராமமூர்த்தியை விடுதலை செய்துவிட்டார்கள். காலை வண்டியில் வருகிறான். தியாகி ராமமூர்த்திக்கு ஜே என்று இப்போதே தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது கூட்டம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊர் அவனை என்னவென்று சொன்னது? இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் அடிக்க வருவார்கள்.

வெள்ளைக்கார துரை வந்த ரயிலுக்கு அவன் குண்டு வைத்தான். துரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. லெவல் கிராசிங்கில் கேட்டைச் சாத்திவிட்டு நின்ற கூலிக்காரன்தான் செத்தான். கொலைபாதகன் என்று பாதிரியார் கோயிலில் பிரசங்கம் செய்தார். இந்த மாதிரி ஆட்களால் ஊருக்கே பேஜார் என்றார் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி முனீர் அகமது சாயபு.

இன்றைக்குப் பாதிரியார் முதல் வரிசையில் நிற்கிறார். மாலைக்கு ரோஜா, சாயபு வீட்டுத் தோட்டத்து ரோஜா.

சாமுவேலுக்கு ஊர் மேல் கோபம் இல்லை. ஊர் வாயோடு நிறுத்திக்கொண்டது. அவர்தான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார்.

அதுவும் யாரென்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான், தாம் மேஸ்திரியாக இருந்த சாயபு ஷாப்பில் சேர்த்து ஒளித்து வைத்திருந்தார். பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. செத்த கூலிக்காரனின் பெண்சாதி ரயிலடியில் வந்து அழுதாள் என்று கேள்விப்பட்டும் திறக்கவில்லை. படித்த பிள்ளையாயிற்றே, கை வெந்துபோகுமே என்று அவனைத் தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறக்காமல், காய்ந்த தோலை அடுக்குகிற வேலையைக் கொடுத்தார். தினம் சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறும் போட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டரிடம் போய் அந்த யோசனையைச் சொன்னதும் அவரேதான். எல்லோரையும் கையை நீட்டச் சொல்லுங்கள், ஆவாரம்பட்டைக் கறை நகத்தில் ஏறாதவன் ஒருத்தன்தான் இருப்பான்.

அறுபது பேர் வரிசையாகக் கையை நீட்டினார்கள். அறுபதில் ஒரு ஜோடி கை மட்டும் வெளுத்திருந்தது. போலீசுக்கு என்ன மூளை என்று ஊரே வியந்தது. காட்டிக்கொடுத்தவர் ஒருத்தர் இருப்பார் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் அந்தக் காய்ந்த தோல் வேலையைக் கொடுத்தது யாரென்று ஒருத்தனுக்குத் தெரியும். அவன்தான் இப்போது வருகிறான். இத்தனை பேர் முன்னால் அவன் வாயைத் திறந்தால் ஊர் காறித் துப்பும். துப்பட்டும். ரூத்து பக்கத்தில் நிற்கிறாளே. எட்டு வயதில் அவனிடம் அகரம் படித்து, இன்றைக்கு டீச்சருக்குப் படிக்கிற பெண். அவள் கேட்டுவிடக் கூடாது. கர்த்தரே, அவள் மட்டும் கேட்டுவிடக் கூடாது.

வண்டி நின்றது.

ராமமூர்த்தி பாதி ஆளாகி இருந்தான். தலை நரைத்திருந்தது. ஜே கோஷம் எழும்பிய ஒவ்வொரு தடவையும், யாரோ அடிக்க ஓங்கியதுபோல அவன் முகம் சுருங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக சாமுவேலிடம் வந்தான். மாலைக்குக் குனிந்தவன், குனிந்தபடியே அவர் காதில் சொன்னான்.

"நீங்க சொன்னீங்கன்னு அன்னைக்கே தெரியும்ணா. ரெண்டாவது குண்டு சந்தையில வைக்கிறதா இருந்தேன். எத்தினி உசுரு போயிருக்கும்! மனசாட்சின்னா இன்னான்னு உங்களப் பாத்துதான் கத்துக்கினேன்."

சொல்லிவிட்டு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூட்டம் இன்னும் பலமாக ஜே போட்டது.

அவன் துப்பியிருந்தால்கூடச் சாமுவேல் துடைத்துக்கொண்டிருப்பார்.

மனசாட்சியாவது, மண்ணாங்கட்டியாவது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் வேதம் வாசித்தார். எப்போதும் போல விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. நடுவில் நின்றுபோனார். ராமமூர்த்தி மெதுவாக அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். மறுபடி நின்றார், மறுபடி கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூத்து கலகலவென்று சிரித்துவிட்டாள்.

பெற்ற பெண் முன்னால். சொந்த வீட்டில்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில்தான் போலீஸ் ஸ்டேஷன் இருந்தது.

"காதுல இன்னா சொன்னாரு நைனா?" என்று ரூத்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாக்கிறீங்களான்னு கேட்டாரு."

அவ்வளவுதானா என்று ரூத்து சிரித்தாள். அதே கலகல சிரிப்பு. ஒன்பது வருஷத்தில் இப்போதுதான் அதை அவர் கவனித்துப் பார்த்தார். அதில் கேலி இல்லை. சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான் சிரிப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்திருப்பாள்.