இலவச வாகன வசதி உண்டு

"இப்படி ஒண்ணைத்தாங்க நாங்க இத்தனை நாளா தேடிட்டு இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் காரில் ஏறி, ஏ.சி. காற்றைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவர், மணிக்கட்டில் தங்க வாட்ச். அதைப் பார்த்ததும் புரோக்கருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

புரோக்கர் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பொத்துக்கொண்டு வரும். விசிட்டிங் கார்டில் 'வாழ்வியல் அனுபவ ஆலோசகர்' என்றுதான் போட்டிருந்தது. வீடு கட்டி விற்கும் கம்பெனி கொடுத்த பட்டம். கூடவே ஒரு கோட்டும் கொடுத்திருந்தார்கள். இந்த வாரமும் ஒன்றும் விற்கவில்லையென்றால் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

அந்த ஊரில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. ராத்திரி அண்ணாந்து பார்த்தால் மட்டும், விளக்கெரிகிற ஜன்னல் எங்கே என்று தேட வேண்டும். கட்டியதே காலியாகக் கிடக்க, இவனுடைய கம்பெனி இனிமேல் கட்டப்போவதை விற்றுக்கொண்டிருந்தது.

அதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பு வேறு. 'வீடு, விலை, விற்பனை, இந்த வார்த்தைகள் உங்கள் வாயில் வரவே கூடாது. ஊரின் அழகைக் காட்டுங்கள். மயங்கிப்போய் அவர்களே விலை கேட்பார்கள்.' விளம்பரப் பலகையில்கூட ஓர் ஏரிப் படம், 'எங்கள் நகரை அனுபவிக்க வாருங்கள், இலவச வாகன வசதி உண்டு' என்று ஒரு வரி, ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்.

முதலில் ஏரி. "சார், இது வெறும் தண்ணி இல்லை. நிம்மதி."

நிம்மதி ஒரு மூலையில் பச்சையாகத் தேங்கி நின்றது. வாத்து வடிவப் படகு ஒன்று பூட்டுப் போட்டபடி கரையில் கவிழ்ந்து கிடந்தது.

"எவ்வளவு பெரிசுங்க!" என்றாள் அம்மாள்.

"தண்ணி இருந்தா இன்னும் பெரிசா தெரியும்" என்றார் கணவர், குறையாக இல்லாமல், சந்தோஷமாகவே.

அடுத்து மணிக்கூண்டு. நாலு முகமும் நாலு விதமாக மணி காட்டின. "இந்த ஊர்ல யாருக்கும் அவசரமே கிடையாது சார்" என்று புரோக்கர் கூசாமல் சொன்னான்.

மியூசியத்தில் பஞ்சடைத்த கழுகு ஒன்றுக்கு அலகு விழுந்து, அதைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். காவலாளி விழித்துக்கொள்ளாதபடி மெதுவாகப் பார்த்தார்கள். பிறகு குன்று. மூச்சு வாங்க மேலே ஏறினால், ஏற்கெனவே பார்த்த ஏரியையும் மணிக்கூண்டையும் இன்னொரு தடவை பார்க்கலாம்.

அங்கேயும் அந்த அம்மாள் செல்போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுத்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த புரோக்கர், சம்பளம் கொடுக்காவிட்டால் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். 'லூசுக் குடும்பம். ஆனா நல்ல பசை' என்று நினைத்துக்கொண்டான்.

"கடைசியா ஒண்ணு பாக்கி" என்று குரலைத் தாழ்த்தினான். "அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே உள்ள போய் உணரணும்."

ஊருக்கு வெளியே பொட்டல் காடு. அதன் நடுவில், சுற்றிலும் புல்வெளியோடு ஒற்றையாக ஒரு வீடு, கம்பெனியின் மாதிரி வீடு. மற்றதெல்லாம் இன்னும் வரைபடத்தில்தான் இருந்தது. வாசல் காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தான்.

உள்ளே 'அனுபவம்' செய்து வைத்திருந்தார்கள். படுக்கையில் சுருக்கமில்லாத விரிப்பு; மேஜையில் திறந்த புத்தகம், அதன் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. வருகிறவர்கள் உட்கார்ந்து அழுக்காக்கிவிடக் கூடாதென்று சோபாவுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு.

கணவனும் மனைவியும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். 'இப்பவே சொந்த வீடு மாதிரி நடந்துக்கறாங்க!' புரோக்கருக்கு உள்ளுக்குள் குதூகலம்.

வழக்கமாக வருகிற பெண்கள் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார்கள். அலமாரிக் கதவை இழுத்துப் பார்ப்பார்கள். பாத்ரூமைப் பார்த்து, "இதுல ஆள் குளிக்கறதா, பூனை குளிக்கறதா?" என்பார்கள். இந்த அம்மாள் எதன் மேலும் விரல் வைக்கவில்லை. கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக மெதுவாக நடந்தார். பெரிய இடத்து மனிதர்கள், குழாய் திறந்து பார்க்கிற கூட்டமில்லை என்று புரோக்கர் தீர்மானித்தான்.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க பாருங்க" என்று அம்மாள் கிசுகிசுத்தாள். கணவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் புரோக்கர் பயிற்சிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றான். கணவர் நேராக வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"மனசு நிறைஞ்சுபோச்சு தம்பி. ஒரே ஒரு குறைதான்."

வந்துவிட்டது! விலையைக் குறைக்கச் சொல்லப்போகிறார். மேனேஜர் மூஞ்சியில் கரி. புரோக்கர் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எதுவா இருந்தாலும் தயங்காம கேளுங்க சார்."

"இந்த வீட்ல வாழ்ந்து மறைஞ்ச பெரியவர் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே தம்பி?"