உதட்டோரம் நிழல்

“ஆட்டோ லைட்டை எதுக்கு டாக்டர் அணைச்சீங்க?”

வாய் வரைக்கும் வந்த கேள்வியை இன்ஜினியர் மென்று விழுங்கினார். புது ஸ்கேன் மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தவர் அவர். கர்ப்பிணிப் பெண்ணின் அனுமதியோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் பேச முடியுமா?

ஸ்கேனில் வரும் முப்பரிமாண உருவத்துக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் மேடுபள்ளம் துல்லியமாகத் தெரியும் என்று கம்ப்யூட்டரே முடிவுசெய்யும். அதற்குப் பெயர்தான் ‘ஆட்டோ லைட்’. வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து அவர் எழுதிய மென்பொருள். குறை என்று யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்கே போய்விடுவார்.

டாக்டரம்மாவோ, முகம் திரையில் எழும்பிய வேகத்தில் அதை அணைத்துவிட்டு, வெளிச்சத்தைத் தானே நகர்த்தி எங்கேயோ நிறுத்தினார். குழந்தையின் நெற்றியும் கன்னமும் பளிச். மூக்குக்குக் கீழே இருட்டு.

கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்றது.

“மூக்கைப் பாரேன், அப்படியே எங்க வீட்டு மூக்கு!” மாமியாருக்குப் பூரிப்பு.

“வாய் தெரியலையே டாக்டர்?” நாத்தனார் செல்போனை உயர்த்தினாள்.

“இந்தக் கோணத்துல இவ்வளவுதான்மா. போன் வேண்டாம். எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க, இன்னும் சில அளவு எடுக்கணும்.”

கணவனும் சேர்ந்தே வெளியே போனான்.

‘கோணமாம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதைதான்’ என்று மூலையில் இருந்தபடியே உள்ளுக்குள் பொருமினார் இன்ஜினியர்.

கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும்மா. அது முதல்ல உனக்குத்தான் தெரியணும். அப்புறம் யார்கிட்ட, எப்போ சொல்றதுங்கறது உன் இஷ்டம்.”

ஆட்டோ லைட் எரிந்தது. இருட்டு விலகியது.

குழந்தையின் மேலுதடு ஒரு பக்கமாக மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. ஒரு மடிப்பு விடாமல், அத்தனை தெளிவாக.

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பயப்படாதே. பிறந்து சில மாசத்துல ஆபரேஷன் பண்ணித் தைச்சுடலாம். மத்தபடி நல்லா வளர்ந்திருக்கு.”

அவள் அழவில்லை. எட்டி, திரையில் அந்த உதட்டை விரலால் தொட்டாள்.

“இப்போ அதுக்கு வலிக்குமா டாக்டர்?”

“வலிக்காதும்மா.”

“அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நான் மட்டும் பார்த்துக்கறேனே...”

“தாராளமா.”

இன்ஜினியர் சத்தம் போடாமல் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

மாமியார் மறித்துக்கொண்டார். “என்னப்பா, உள்ளே இவ்வளவு நேரம்? படமும் தெளிவா இல்லை. அந்த டாக்டருக்கு மெஷினைச் சரியா ஓட்டத் தெரியலையோ?”

“ஐயோ, அவங்க கெட்டிக்காரங்கம்மா!” கதவில் முதுகைச் சாய்த்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார் அவர். “நான் எழுதின சாஃப்ட்வேர்தான் மட்டம். வெளிச்சமே சரியா விழமாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.”