சுத்தமான சுவர்

திண்டிவனத்துக் கல்லூரி வாசல் சுவரில் தண்ணீர் வழிகிறது. இரும்புத் தகடு உரச உரச, சினிமா போஸ்டர்கள் பசையோடு உரிந்து சேற்றில் விழுகின்றன. நாயகனின் ஒரு கண் மட்டும் சுவரைவிட்டு வர மறுக்கிறது. சினிமா போஸ்டரையும் பாட்டுப் புத்தகத்தையும் போராடிப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய பேராசிரியர் பூங்கோதை, விழுப்புரத்திலிருந்து வந்த காரைவிட்டு இறங்குகிறார். அவருக்குத்தான் இன்று பாராட்டு விழா. கல்லூரி முதல்வர் பொன்னாடையோடு ஓடி வருகிறார். "நீங்க வர்றீங்கன்னுதாங்க மேடம், காலையிலேர்ந்து இந்தக் குப்பையெல்லாம் சொரண்டிக்கினு இருக்கோம்." பூங்கோதையின் குரல் தெருமுனை வரை கேட்கிறது. "இந்தக் குப்பையத்தான் சார் முப்பது வருஷமா பாடம் நடத்துனேன்! அப்புறம் எதுக்கு சார் எனக்குப் பொன்னாடை?" அதை முதல்வர் கையிலிருந்து பிடுங்கிச் சேற்றில் விரித்து, ஈரக் கிழிசல்களை அள்ளி அள்ளி அதில் போடுகிறார்.