கையில் மிஞ்சிய சீட்டு

வாக்குச்சாவடி மூட இன்னும் ஒரு மணி நேரம்.

மறைப்புத் துணிக்குள் அவள் நின்றிருந்தாள். கையில் இரண்டு சீட்டுகள், ஓர் உறை.

தீவு தனி நாடாகட்டும் என்பவர்களுக்கு 'ஆம்'. வெள்ளைக்காரன் ஆட்சியே நீடிக்கட்டும் என்பவர்களுக்கு 'இல்லை'. ஒன்றை உறையில் போட வேண்டும். மற்றதைக் கூடையில் எறிந்துவிடலாம்.

கரும்புத் தோட்டத்து ஆட்கள் எறியக் கூடாது. துரையின் உத்தரவு.

வெளியே கங்காணி அப்பாசாமி சர்க்கரைச் சாக்கோடு நிற்கிறார். மிஞ்சிய 'ஆம்' சீட்டை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். 'இல்லை'க்குப் போட்டதற்கு அதுதான் சாட்சி. சாக்கில் போடாதவர்கள் திங்கட்கிழமை, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவளுக்கு இருப்பது ஓர் அறை. மழைக்காலத்தில் அரை அறை.

உறையை ஒட்டினாள்.

அது பெட்டிக்குள் விழுந்ததும் அதிகாரி அவள் பெயரை உரக்கச் சொல்லி, "வாக்களித்தார்" என்றார்.

அவள் பெயரை அத்தனை பேர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

வாசலில், வாக்களித்துவிட்டு அவளுக்கு முன்னால் வெளியே வந்த தைலம்மை அக்கா. உள்ளே போகக் காத்திருந்த வரிசையைப் பார்த்து அக்கா சொன்னாள்:

"எங்க பாட்டனக் கப்பல்ல ஏத்துனப்ப ஒரு பய கேக்கல. இன்னிக்கு எனக்கு ரெண்டு சீட்டு குடுத்துக் கேக்குறானுங்க."

வரிசை சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் 'ஆம்' சாக்கில் விழுந்தது. அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

கங்காணி அடுத்துக் கை நீட்டினார்.

அவள் மூடிய கையைத் திறக்கவில்லை.

அவர் அவளுடைய அம்மாவுக்கு அண்ணன் முறை. அந்தக் கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மறந்தாப்புல கூடையில போட்டுட்டேன்னு சொல்லும்மா. தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

சின்னப் பொய். அறை நிலைக்கும்.

வரிசையில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. எல்லோரும் தோட்டத்து ஆட்கள். இன்னும் சீட்டு வாங்காதவர்கள்.

அவளுக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். வரிசையின் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும்.

"மறக்கல, மாமா. 'ஆம்'னுதான் போட்டேன்."