காக்கா தொடாத சாதம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு காக்கா இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் ஊர் ஸ்ரீரங்கம். இங்கே காக்காய்க்குப் பஞ்சமே இல்லை.

தேசிகன் ஆத்து மொட்டை மாடியில் மட்டும் ஒன்றுகூட வாய் வைப்பதில்லை.

பிள்ளை பிரஹலாத் விபத்தில் போனதிலிருந்து இப்படித்தான். மாசா மாசம் பிண்டம் வைத்தார்கள். காக்கா கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும். சாதத்தைப் பார்க்கும். அப்புறம் அவன் பெண்டாட்டி மாலினியைப் பார்க்கும். பறந்துவிடும்.

"இன்னிக்கு வருஷத் திதி. இன்னிக்கும் எடுத்துக்கலேன்னா, என் பிள்ளைக்கு யார் மேல குறைன்னு தெரிஞ்சுபோயிடும்" என்று மாமியார் கோதைநாயகி காலையிலேயே சொல்லிவிட்டாள். "அப்புறம் அவ பொறந்தாத்துக்கே போயிடட்டும்."

மாலினி உள்ளே போனாள்.

"என்ன அது கையில?"

தேசிகன் குரல். மடியாகத் தளிகை நடக்கிற சமையலறையில், மாலினி கையில் ஒரு சின்னக் கறுப்புப் புட்டி.

"ட்ரஃபிள் சோயா சாஸ்ப்பா. அவர் ஆன்லைன்ல ஆசையா வாங்கினது."

"ட்ரஃபிள்னா?"

"மண்ணுக்கடியில விளையற ஒரு காளான்."

"காளானா? திதியன்னிக்கா?"

"இதைப் போட்டு ஃப்ரைடு ரைஸ் பண்ணிக் குடுன்னு அன்னிக்குக் கேட்டார். ஈர மண்ணும் பூண்டும் சேர்ந்தாப்ல மணக்குமாம், சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அம்மாவுக்குத் தெரிஞ்சா வம்பு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னுட்டேன். சாப்பிடாமலே வண்டியை எடுத்துண்டு போனார். கொள்ளிடம் பாலம்கூடத் தாண்டலை." அவள் தலை குனிந்தாள். "சாதத்துல ரெண்டு சொட்டு விட்டா ஒருவேளை..."

தேசிகன் பிடுங்கிக்கொண்டார். சீல்கூட உடைக்காத புட்டி.

திதி பண்ணிவைக்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் எழுந்து வந்தார். சின்ன வயசுதான். ஆனால் ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே சொல்லும்.

"காளான் பட்டதைப் பித்ருக்கள் தொட மாட்டா. படிச்ச பொண்ணு, இதுகூடவா தெரியாது?"

"நன்னாச் சொல்லுங்கோ" என்றாள் பின்னாலேயே வந்த கோதைநாயகி.

"இங்கே குடுங்கோ. என் வண்டிப் பையில கிடக்கட்டும். போற வழியில கொள்ளிடத்துல எறிஞ்சுடறேன்."

உச்சி வெயில். மொட்டை மாடியில் இலை போட்டுப் பிண்டம் வைத்தாயிற்று.

"கா... கா..." என்று கூப்பிட்டார் தேசிகன்.

அடுத்த மாடியில் யாரோ உலர்த்தியிருந்த வடாத்துக்குக் காக்காக்கள் அடித்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஒன்று மட்டும் இந்தப் பக்கம் வந்தது. சுவரில் உட்கார்ந்தது. சாதத்தைப் பார்த்தது. மாலினியைப் பார்த்தது.

அப்படியே இருந்தது.

கோதைநாயகி மாட்டுப்பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "போறுமா? பெட்டியைக் கட்டிக்கோ."

வாத்தியார் குறுக்கிட்டார். "இருங்கோ மாமி. புதுசா ஒரு பிண்டம் பிடிச்சு வைப்போம். தர்ப்பை வண்டியில இருக்கு, எடுத்துண்டு வரேன்."

அவர் இறங்கிப் போனார். கொடியில் காய்ந்த வேஷ்டிகூட அசையவில்லை.

கோதைநாயகி மூக்கைச் சுளித்தாள். "ஏன்னா, ஏதோ வாசனை வரலை?"

"என்ன வாசனை?"

"மழை பெஞ்ச மண்ணு மாதிரி. கூடவே பூண்டு மாதிரி."

"வெயில் மண்டையைப் பிளக்கறது. மழையாம், மண்ணாம்."

மாலினிக்குக் கை மயிர் சிலிர்த்தது.

வாத்தியார் தர்ப்பையோடு மேலே வந்தார்.

"எல்லாரும் தெற்கே பார்த்து நில்லுங்கோ. அவனையே நினைச்சுக்கோங்கோ. நான் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது."

நின்றார்கள். பின்னால் இலை சரசரத்தது.

இப்போது அந்த வாசனை குப்பென்று வந்தது, குழி தோண்டி மூடாமல் விட்டதுபோல. தேசிகனுக்கும் வந்தது. "மாலினி சொன்னாளே, அந்த சாஸ் வாசனை" என்று முணுமுணுத்தார்.

இறக்கைச் சத்தம். பிறகு இலையில் அலகு கொத்தும் சத்தம். டொக். டொக்.

"திரும்பலாம்."

இலையில் ஒரு பருக்கை இல்லை. காக்கா சுவரில் உட்கார்ந்து மாலினியைப் பார்த்து ஒரு தடவை கரைந்தது.

கோதைநாயகி மாலினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுக்கணும்னு நினைச்சியே, அந்த வாசனையோடயே வந்து சாப்பிட்டுட்டான்டி. உன் மேல அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நீ எங்கேயும் போக வேண்டாம்."

தேசிகன் மேல் வேஷ்டியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்னாலேயே இறங்கிவிட்ட வாத்தியாரை வழியனுப்ப மாலினி வாசலுக்கு வந்தாள். வாழைக்காயும் அரிசியும் வைக்க அவருடைய ஸ்கூட்டர் பையைத் திறந்தாள்.

உள்ளே அந்தப் புட்டி. சீல் உடைந்திருந்தது.

அவர் மோதிர விரலைப் பார்த்தாள். பவித்ரம் போட்டிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கறை.

"ஸ்வாமி..."

"ரெண்டே சொட்டுதாம்மா. புட்டியை வேஷ்டி மடிப்புல ஒளிச்சு எடுத்துண்டு வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம் எனக்கு வரட்டும். ஒரு காக்காவைச் சாக்கு வெச்சு உங்களை வெளியே அனுப்பறதைப் பார்த்துண்டு நிக்க முடியலை."

மாலினி கை கூப்பினாள். கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"ஆனா நீங்க கீழே இறங்கினப்போவே மாடியில அம்மாவுக்கு வாசனை வந்துடுத்தே. கீழேயே திறந்துட்டேளா?"

"இல்லையேம்மா. மேலே வந்து, நீங்கள்லாம் திரும்பி நின்ன அப்புறம்தானே திறந்தேன்."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரில் காக்கா இன்னும் உட்கார்ந்திருந்தது.

வாத்தியார் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.