படம் எடுத்தவர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி உலகநாதன், என் மனைவி சண்முகவடிவு, மருமகள் இந்துமதி. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வேறு எவரும் இல்லை.

வாசல் கதவைச் சாத்தச் சொன்னது நான்.

கோப்பு என் மடியில் இருந்தது.

மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியர் பொறுப்புக்கான பயிற்சியில் இருந்தாள். பள்ளியில் தான் செய்த ஒரு மாற்றத்தைப் படங்களோடு தொகுத்துக் கொடுக்க வேண்டும். படத்துக்கு அடியில், அதிலிருந்து தான் கற்றது என்ன என்று நாலு வரி. போர்ட்ஃபோலியோ என்று அதற்குப் பெயராம். மறுநாள் காலை மதுரையில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் சான்றிதழ் இல்லை.

அவள் எடுத்துக்கொண்ட வேலை, வியாழன்தோறும் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளின் தாய்மாருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது.

என்னிடம் கேட்டுத்தான் தொடங்கினாள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றேன். இந்த வீட்டிலிருந்து ஒருத்தி அந்நேரத்தில் வெளியே இருப்பதே அதிகம் என்றும் சொல்லியிருந்தேன்.

படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்பலகை அருகே நிற்கிறாள். ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் நகர்த்துகிறாள். தரையில் அவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றின் மூலையிலும் இடமும் நாளும் நேரமும் தானாகவே பதிந்திருக்கின்றன.

எல்லாப் படங்களிலும் அவள் இருக்கிறாள்.

அதைக் கவனித்தவன் உலகநாதன்.

"எல்லாத்துலயும் இந்துமதி நிக்கிது. அப்ப போனைப் பிடிச்சது யாருண்ணே?"

அந்தப் பள்ளியில் அவளைத் தவிர ஆசிரியர் ஒருவர்தான். ஆரோக்கியராஜ் என்று பெயர். மணமாகாதவர். அதையும் உலகநாதன்தான் சொன்னான். விசாரித்து வைத்திருந்தான்.

நான் பக்கங்களைத் திருப்பினேன்.

ஒரு படத்தில் கை நின்றது.

அதில் அவள் பாடத்தை விட்டுவிட்டு, எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாய்விட்டு. புத்தகம் மடியிலிருந்து சரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் சிரிக்கிறாள்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இதை எடுத்தது யாரும்மா?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

சண்முகவடிவு சுவரோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆரோக்கியராஜா என்று கேட்டேன். இல்லை மாமா என்றாள். பிறகு யார் என்றேன். படிக்க வருகிற பெண்களில் ஒருத்தியா என்று உலகநாதன் எடுத்துக்கொடுத்தான். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவள் அசைக்கவில்லை. அது எனக்கு அழுத்தமாகத்தான் பட்டது.

"தானா எடுத்துக்கிச்சு போல. இப்பத்தான் எல்லாமே தானா நடக்குதே" என்றான் உலகநாதன்.

எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி இந்த ஊரில் எவனும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்ததில்லை. பெயரைச் சொன்னால் கோப்பு அவள் கைக்கு வரும், சொல்லாவிட்டால் நாளை மதுரைப் பயணம் கிடையாது என்றேன். இரவு மகனிடம் பேசப்போவதையும் சொன்னேன்.

அவள் கண் நிறைந்தது.

ஒரே ஒரு முறை நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சண்முகவடிவைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

சண்முகவடிவு கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

உலகநாதன் சிரித்தான். மதினிக்குப் போனை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியுமா என்றான்.

அவள் அவனைப் பொருட்படுத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாருகிட்டப் போனைக் குடுத்து எடுக்கச் சொன்னா, நீங்க இப்படி உக்கார வச்சுக் கேப்பீகன்னு எனக்குத் தெரியும். அதான் நான் போனேன். உங்ககிட்டச் சொல்லாதன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கினதும் நான்தான்."

வியாழக்கிழமைகளில் அவள் தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போடப் போகிறாள் என்றே நினைத்திருந்தேன்.



சிரிக்கிற படத்தை மறுபடி பார்த்தேன். எடுக்கும்போது இவள் என்ன சொல்லியிருப்பாள்? இவள் வேடிக்கையாக எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

கேட்க நினைத்தேன். தம்பி இருந்தான். கேட்கவில்லை.

கோப்பை மூடி மருமகளிடம் நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அதன் அட்டையைத் துடைத்தாள். நான் வைத்திருந்ததில் அது அழுக்காகியிருக்க வாய்ப்பில்லை.

கதவைத் திறக்கச் சொன்னேன். உலகநாதன் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

இப்போது கடைத்தெருவில் ஒரு பேச்சு நடமாடுகிறது. கிழவி எடுத்த படங்களாம், எல்லாம் ஆடிப்போய்க் கலங்கலாக இருந்தனவாம், மதுரையில் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு படம்கூட ஆடவில்லை.